அரண்மனையில் போட்ட முடிச்சு

நாகரசம்பட்டி ராஜப்பன் சீனாவுக்குப் போகிறார் என்ற செய்தி ஊரெல்லாம் பரவ அரை நாள்கூட ஆகவில்லை. பரப்பியவர் அவரே. காலையில் பால் கறக்கிறவனிடம் ஆரம்பித்து மத்தியானம் போச்சம்பள்ளிச் சந்தையில் முடித்தார். "சர்க்கார் கூப்பிடறப்ப போகாம இருந்தா நல்லாருக்குமா?" என்று பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டார். போக வேண்டாம் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

அது ஐம்பத்தாறாம் வருஷம். இந்தியாவும் சீனாவும் ஒன்றன் தோளில் ஒன்று கைபோட்டுத் திரிந்த காலம். அங்கிருந்து ஒரு கூட்டம் வந்து நம் அணைக்கட்டுகளைப் பார்த்துத் தலையாட்டும். இங்கிருந்து ஒரு கூட்டம் போய் அவர்கள் அரண்மனையைப் பார்த்துத் தலையாட்டும். அப்படி ஒரு தலையாட்டும் கூட்டத்துக்கு விவசாயிகள் நல்லெண்ணக் குழு என்று பெயர் வைத்திருந்தார்கள். அதில் சேலம் ஜில்லாவுக்கு இரண்டு இடம். இருவருமே கையால் ஏர் பிடிக்கிற ஏழை உழவர்களாக இருக்க வேண்டும் என்று கடிதத்தில் கண்டிருந்தது.

ராஜப்பனுக்கு நூற்றிருபது ஏக்கர். பாதி மாந்தோப்பு. அவர் ஏரைத் தொடுவது சித்திரையில் பொன்னேர் கட்டும் அன்றைக்கு மட்டும்தான். அதுவும் வேட்டியில் சேறு படாத தூரம் வரைக்கும். ஆனால் மந்திரிக்கு மாம்பழக் கூடை அனுப்புகிறவர் ஏழை உழவராக ஆக முடியாது என்று எந்தச் சட்டமும் இல்லை. விண்ணப்பத்தில் 'உழுகிற நிலம்' என்ற இடத்தில் நாலு ஏக்கர் என்று எழுதச் சொன்னார். எந்த நாலு ஏக்கர் என்று அதற்குக் கீழே இன்னொரு கேள்வி இருந்தது. ஏரிக்கீழ் நாலு ஏக்கர் என்றார்.

அந்த நாலு ஏக்கர் அவர் பேரில் இருந்தது. உழுதது முனிவேல். அவனுக்கு முன்னால் அவன் அப்பன்.

இரண்டாவது இடத்துக்கு முனிவேலையே எழுதிப் போட்டார். காரணம் மூன்று. அவன் கையில் நிஜமான காய்ப்பு இருந்தது. ராகிக் களி கிண்டத் தெரியும். வாயைத் திறக்க மாட்டான். மூன்றாவதுதான் அவருக்கு ரொம்பப் பிடித்தது.

இன்னொரு விஷயமும் இருந்தது. குத்தகைக்காரனை எழுப்ப முடியாதபடி சட்டம் இறுகிக்கொண்டே வருகிறது என்று கிருஷ்ணகிரி வக்கீல் பயமுறுத்தியிருந்தார். ஆகவே ஏரிக்கீழ் நாலு ஏக்கரிலிருந்து முனிவேலை எழுப்பிவிட்டு மாங்கன்று வைத்துவிடுவது என்று ராஜப்பன் முடிவு செய்திருந்தார். மாமரம் கோர்ட்டுக்குப் போகாது. பெங்களூரா ஒட்டுக்கன்றுக்குச் சொல்லியும் ஆகிவிட்டது. முனிவேலுக்கு இது எதுவும் தெரியாது. எசமானின் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றான்.

ராகி மாவையும் ஊறுகாயையும் கட்டிக் கொடுத்த மனைவி மங்கம்மாதான் ஒரு கேள்வி கேட்டாள். "ஏங்க, அந்த நாட்டுல பண்ணைக்காரங்களை எல்லாம் என்னமோ பண்ணிட்டாங்களாமே?"

"அது அவங்க ஊர்ப் பண்ணைக்காரங்களுக்கு. நான் விருந்தாளி."

"விருந்தாளின்னா விருந்தாளியாட்டம் போங்க. இன்னாத்துக்கு ஏழையாட்டம் போறீங்க?"

 பஸ் ஹாரன் அடித்தது ராஜப்பனுக்கு வசதியாகப் போயிற்று.

*

ஓசூர்ச் சந்தையில் தமிழ் எடுபடாத இடத்தில் ராஜப்பன் கன்னடம் பேசுவார். கன்னடமும் எடுபடாவிட்டால் தெலுங்கு. மூன்றும் எடுபடாத ஜனங்களை அவர் முதல்முதலாகப் பீக்கிங்கில்தான் பார்த்தார். அங்கே அவருடைய வாயும் காதும் ஜமீர் அகமதுதான். மத்திகிரி மாட்டுப் பண்ணையில் குமாஸ்தா, முப்பது வயது, நல்ல இங்கிலீஷ். குழுவுக்கு உதவியாளாக அனுப்பியிருந்தார்கள். சீன வழிகாட்டி இங்கிலீஷில் சொல்வதை ஜமீர் தமிழில் சொல்வார். நடுவில் எதையும் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். அதுவே ராஜப்பனுக்குப் பெரிய இம்சையாக இருந்தது.

வழிகாட்டியின் பெயர் லியூ. இருபத்தைந்து வயதிருக்கும். இரட்டைச் சடை, நீலக் கோட்டு, கையில் ஒரு நோட்டுப் புத்தகம். எது கேட்டாலும் சிரித்த முகமாகக் கேட்பாள். கேட்டதை உடனே எழுதிக்கொள்வாள்.

நாலாம் நாள் ஒரு கிராமத்துக்குக் கூட்டிப்போனார்கள். பெரிய ஓட்டு வீடு ஒன்றில் பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது. தூணும் நிலைக்கதவும் பார்த்தால் பள்ளிக்கூடத்துக்காகக் கட்டின வீடு மாதிரித் தெரியவில்லை.

"இது யார் வீடுன்னு கேளு பாய்," என்றார் ராஜப்பன்.

ஜமீர் கேட்டார். லியூ பதில் சொன்னாள்.

"இந்த ஊர்ப் பண்ணைக்காரரோட வீடாம்."

"அவரு எங்க?"

ஜமீர் மறுபடி கேட்டார். லியூ சிரித்த முகமாக ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"இருந்தாராம்," என்றார் ஜமீர்.

"இருந்தாருன்னா?"

"அவ்வளவுதாங்க சொன்னாங்க."

அன்றைக்கு ராத்திரி ராஜப்பனுக்குக் களி இறங்கவில்லை. அதற்குப் பிறகு எங்கே போனாலும் உள்ளங்கையை வேட்டியில் தேய்த்துக்கொண்டே இருந்தார். தேய்த்தால் காய்ப்பு வரும் என்று யாரோ சொன்னமாதிரி.

ஆறாம் நாள் அரண்மனை.

இந்த அரண்மனையைப் பற்றி ஊரில் புறப்படும் முன்பே அவர் நாலு பேருக்குப் பிரசங்கம் செய்திருந்தார். ஒன்பதாயிரம் அறை, சாமானிய ஜனங்கள் நிழல்கூட உள்ளே விழக்கூடாது, எட்டிப் பார்த்தவன் தலை போகும். "ராஜான்னா அப்பிடி இருக்கணும்," என்று முடிப்பார். ஆகவே காலையில் அங்கவஸ்திரத்தை இஸ்திரி போட வைத்து, அதன்மேல் சீன சர்க்கார் கொடுத்த பஞ்சுக் கோட்டை மாட்டிக்கொண்டு, உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிற தோரணையில் பஸ்ஸிலிருந்து இறங்கினார்.

முன்வாசலே மலை மாதிரி நின்றது. ரத்தச் சிவப்புச் சுவர். ஜன்னல் கிடையாது. மேலே காக்கைகள். கீழே மூன்று வாசல்.

"நடுவாசல் சக்கரவர்த்திக்கு மட்டும்தானாம்," என்றார் ஜமீர்.

ராஜப்பன் நடுவாசலில் நுழைந்தார்.

உள்ளே இருட்டு. நடக்க நடக்கத் தீராத இருட்டு. சுவரின் கனம் அவ்வளவு. அந்தப் பக்கம் வெளியே வந்தால், அரண்மனை இல்லை. இன்னொரு முற்றம், அதன் கோடியில் இன்னொரு வாசல். அதைத் தாண்டினால் அதைவிடப் பெரிய முற்றம். கல். எங்கே பார்த்தாலும் கல். வடக்கிலிருந்து வந்த காற்று அதன்மேல் தடுப்பதற்கு ஒன்றும் இல்லாமல் ஓடியது.

மாந்தோப்புக்காரர் கண்ணுக்கு ஒன்று உடனே பட்டது. "ஏன் பாய், இவ்வளவு இடத்துல ஒரு மரம்கூட வைக்கலியே?"

ஜமீர் கேட்டுச் சொன்னார். "மரம் இருந்தா பின்னாடி ஆள் ஒளிஞ்சுக்குவானாம். ராஜாவைக் கொல்றதுக்கு."

"கல்லு?"

"ஒண்ணுமேல ஒண்ணா பதினஞ்சு அடுக்கு போட்டிருக்காங்களாம். பூமிக்கு அடியில சுரங்கம் தோண்டி வந்துடக்கூடாதுன்னு."

ராஜப்பன் கீழே பார்த்தார். இத்தனை பெரிய ராஜா இவ்வளவு பயந்தா தூங்கினான் என்று தோன்றியது. தன் தோப்பில் எத்தனை மரம் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் பின்னால் எத்தனை பேர் நிற்கலாம் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. நிறுத்தச் சொன்னால் அது நிற்கவில்லை.

"கடைசி ராஜா இப்ப எங்க இருக்கறாரு?"

"ஜெயில்ல இருக்காராம்."

"ஜெயில்லயா!"

"நல்லா இருக்காராம். தன் துணியைத் தானே துவைக்கக் கத்துக்கிட்டாராம்." ஜமீர் ஒரு கணம் நிறுத்தினார். "இதுக்கு முந்தின வம்சத்துக் கடைசி ராஜா, அரண்மனைக்குப் பின்னாடி தெரியுது பாருங்க ஒரு குன்று, அங்க ஒரு மரத்துல தூக்கு மாட்டிக்கிட்டாராம். அங்க மரம் வச்சிருக்காங்க."

ராஜப்பன் குன்றைப் பார்க்கவில்லை.

சிம்மாசன மண்டபத்துக்கு முன்னால் இருந்த முற்றம்தான் எல்லாவற்றிலும் பெரியது. நாகரசம்பட்டியைத் தூக்கி அதில் வைத்துவிட்டுச் சுற்றிலும் சோளம் விதைக்கலாம். மந்திரிகளும் தளபதிகளும் இந்தக் கல்மேல்தான் மண்டியிட்டு ஒன்பது தடவை நெற்றியை முட்டுவார்களாம். லியூ அதைச் சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள். அவள் கண் ராஜப்பனைத் தாண்டி அவருக்குப் பின்னால் தரையில் நின்றது.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ராஜப்பனும் திரும்பினார்.

பத்தடி பின்னால் முனிவேல் நின்றுகொண்டிருந்தான். வெறுங்காலோடு. சீன சர்க்கார் கொடுத்த புதுத் தோல் பூட்ஸ் இரண்டும் அவன் கக்கத்தில் இருந்தன. கல்மேல் பனி வெள்ளையாகப் பூத்திருந்தது. அவன் நின்ற இடத்தில் மட்டும் இரண்டு ஈரத் தடம்.

நாகரசம்பட்டிப் பண்ணைத் தெருவில் குத்தகைக்காரன் காலில் செருப்போடு நடக்கக்கூடாது. தெருமுனைப் புளியமரத்தடியிலேயே கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். எசமான் எங்கே நடக்கிறாரோ அங்கெல்லாம் பண்ணைத் தெரு. இது யாரும் எழுதி வைத்த சட்டமல்ல. ஆகவே வக்கீல் வைத்தும் மாற்ற முடியாது. ஆறு நாளும் முனிவேல் இப்படித்தான் வந்திருக்கிறான். ஆறு நாளும் ராஜப்பன் கண்ணில் இது படவில்லை. நாற்பத்தெட்டு வருஷமாகத் தனக்குப் பின்னால் வருகிற காலை அவர் பார்த்ததே கிடையாது.

லியூ முனிவேலிடம் போனாள். "பூட்ஸ் கடிக்கிறதா? வேறு அளவு தரட்டுமா?"

ஜமீர் அதைத் தமிழில் கேட்டார்.

"இல்லம்மா. அளவெல்லாம் சரியாத்தான் இருக்குது," என்றான் முனிவேல். சீனாவில் அவன் பேசிய முதல் வாக்கியம்.

"பிறகு ஏன் கழற்றினீர்கள்?"

முனிவேல் பூட்ஸை இன்னும் இறுக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். ராஜப்பனைப் பார்த்தான். லியூவும் ராஜப்பனைப் பார்த்தாள். நோட்டுப் புத்தகம் திறந்தது. கூட வந்த போட்டோக்காரன் நெருங்கி வந்தான். மற்ற ஜில்லாக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவ்வளவு பெரிய முற்றத்தில் காக்கையின் சத்தம் மட்டும் கேட்டது.

ஜமீர் அவர் காதருகே குனிந்தார். "இன்னாங்க சொல்லட்டும்? உள்ளதைச் சொல்லவா?"

உள்ளதைச் சொன்னால் என்ன ஆகும் என்று ராஜப்பனுக்கு நிச்சயமாகத் தெரியாது. 'இருந்தாராம்' என்ற ஒரு வார்த்தைதான் தெரியும்.

"தம்பின்னு சொல்லு!"

"யாரு?"

"இவன்தான் பாய்! என் கூடப் பொறந்த தம்பி. அண்ணன் முன்னாடி தம்பி செருப்புப் போட மாட்டான். எங்க பக்கம் மரியாதை. ரெண்டு பேரும் சேந்துதான் அந்த நாலு ஏக்கரை உழறோம். சொல்லு, சீக்கிரம் சொல்லு!"

ஜமீர் அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, கூட்டாமலும் குறைக்காமலும் சொன்னார்.

லியூ முனிவேலிடம் திரும்பினாள். "இவர் உங்கள் அண்ணனா?"

 முனிவேல் மேலே மஞ்சள் ஓட்டைப் பார்த்தான். சிம்மாசன மண்டபத்தைப் பார்த்தான். கடைசியாக ராஜப்பன் முகத்தைப் பார்த்தான். அவ்வளவு நேரம் அவன் அதைப் பார்த்ததே இல்லை. மடை திறப்பதற்கு முன்னால் ஏரியில் எவ்வளவு தண்ணி இருக்கிறது என்று பார்ப்பானே, அந்தப் பார்வை. ராஜப்பனுக்கு முதுகுத்தண்டில் சில்லென்றது. காற்று என்று நினைத்துக்கொண்டார்.

"ஆமாங்கம்மா," என்றான் முனிவேல். "அண்ணன்தான்."

லியூவின் முகம் மலர்ந்தது. புதிய சீனத்தில் அண்ணனும் தம்பியும் சமம், தயவுசெய்து பூட்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். முனிவேல் கல்படியில் உட்கார்ந்து காலை நுழைத்தான். கயிறு கட்ட வரவில்லை. பனியில் விரல் மரத்துப்போயிருந்தது. முடிச்சு விழுவதும் நழுவுவதுமாக இருந்தது.

லியூ ராஜப்பனைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

"என்ன பாய்?"

"அண்ணன்தானே, கட்டி விடுங்களேன்னு சொல்றாங்க."

முற்றம் முழுக்கக் காத்திருந்தது.

ராஜப்பன் மண்டியிட்டார். மந்திரிகளும் தளபதிகளும் மண்டியிட்ட அதே கல். கோட்டு வயிற்றில் இடித்தது. அங்கவஸ்திரம் நழுவித் தரையில் புரண்டது. அவருக்கும் பூட்ஸ் கயிறு கட்டிப் பழக்கமில்லை. அவருடையதை முனிவேல்தான் தினமும் கட்டி விடுவான். கன்றுக்குட்டிக்குப் போடுகிற மாதிரி ஒரு முடிச்சுப் போட்டார். அடுத்த கால் நீண்டது. அதற்கும் போட்டார்.

கேமரா 'டக்' என்றது.

நிமிர்ந்து பார்த்தார். போட்டோக்காரன் சிரித்தான். லியூ நோட்டில் எழுதிக்கொண்டே சொன்னாள். ஜமீர் அதைத் தமிழாக்கினார்.

"படம் ரொம்ப நல்லா வந்திருக்குமாம். பத்திரிகையில போடுவாங்களாம். ஊர் விலாசத்துக்கு அனுப்பி வைக்கறாங்களாம்."

*

திரும்பி வந்த ராஜப்பனுக்கு ஊர் எல்லையில் மாலை போட்டார்கள். அரண்மனை எப்படி என்று கேட்டார்கள். "பெரிசு," என்றார். அதற்குமேல் வரவில்லை. ஒன்பதாயிரம் அறையைப் பார்க்காமலே ஒன்பது நாள் பேசிய மனுஷன் பார்த்துவிட்டு வந்து ஒற்றை வார்த்தையில் முடித்துக்கொண்டது ஜனங்களுக்குப் புதிராக இருந்தது.

முனிவேல் பழையபடி ஏரிக்கீழ் நிலத்துக்குப் போனான். பழையபடி புளியமரத்தடியில் செருப்பைக் கழற்றினான். பழையபடி 'சாமி' என்றான். வாயைத் திறக்கவே இல்லை. அந்த வாய் திறக்காததுதான் இப்போது ராஜப்பனுக்குப் பிடிக்காமல் போயிற்று. பூட்ஸை என்ன செய்தான்? கேட்க நாக்கு வரை வரும், கேட்க மாட்டார்.

சீனாவிலிருந்து எது வந்தாலும் தன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று தபால்காரர் கங்கப்பனிடம் சொல்லி வைத்தார். தை போயிற்று, பங்குனி போயிற்று. ஒன்றும் வரவில்லை. சீனாக்காரன் மறந்திருப்பான் என்று சித்திரையில் கொஞ்சம் நிம்மதி வந்தது. ஆடியில் முழு நிம்மதி வந்தது. நாலு ஏக்கரை விடச் சொல்லி முனிவேலுக்கு ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். ஒட்டுக்கன்றுகள் இரண்டு வண்டி நிறைய வந்து வாசல் முற்றத்தில் இறங்கின.

அதற்கு மூன்றாம் நாள் காலையில் கங்கப்பன் ஒரு தடித்த உறையோடு வந்தார். விநோதமான தபால் தலை.

ராஜப்பன் அங்கேயே நின்றபடி கிழித்தார். வழவழப்பான காகிதம். நடுப்பக்கம் முழுக்க ஒரே படம். சிவப்புச் சுவர், வெள்ளைக் கல், படியில் முனிவேல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறான். முகம் நிச்சலனமாக இருக்கிறது. கீழே அவன் காலடியில், பின்மண்டை வழுக்கை பளபளக்க, ராஜப்பன்.

கங்கப்பன் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்து, கேட்காமலே படித்தார். "இண்டியன் பிரதர்ஸ்... டுகெதர் தே பிளவ்... ஃபோர் ஏக்கர்ஸ். அண்ணன் தம்பி, சேர்ந்து நாலு ஏக்கர் உழறாங்கன்னு போட்டிருக்குதுங்க. படம் தெளிவா விழுந்திருக்குது. ரெண்டுலயும்."

"ரெண்டுலயுமா?"

"முனிவேலு பேருக்கும் ஒண்ணு வந்துச்சுங்களே. அதை அவன் கையிலதானே குடுக்கணும்? சர்க்கார் ரூலு. காலையிலயே புளியமரத்தடியில வச்சுக் குடுத்துட்டேன். படிக்கச் சொன்னான், படிச்சேன். கூட்டம் கூடிப் போச்சுங்க. மூணு தரம் படிக்க வச்சுட்டாங்க."

ராஜப்பன் தன் பங்குப் பத்திரிகையை வெந்நீர் அடுப்பில் போட்டார். வழவழக் காகிதம் சுலபத்தில் எரியவில்லை. சுருண்டு சுருண்டு விரிந்தது. விரியும்போதெல்லாம் படம் மறுபடி தெரிந்தது. மங்கம்மா பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"யாருங்க அது, கீழ உக்காந்திருக்கறது?"

"எவனோ."

"உங்க அங்கவஸ்திரமாட்டம் இருக்குது," என்றாள் மங்கம்மா.

மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சுற்றிலும் ஒட்டுக்கன்றுகள், முழங்கால் உயரம். ஒரு ஆள்கூட ஒளிய முடியாத உயரம் என்று நினைத்தார். ஏன் அப்படி நினைத்தோம் என்று எரிச்சல்பட்டார். தெரு அமைதியாக இருந்தது. பண்ணைத் தெரு எப்போதும் அமைதியாகத்தான் இருக்கும். வெறுங்கால் சத்தம் போடாது.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. 'டொக், டொக்' என்று கல்மேல் தோல் விழுகிற சத்தம். புளியமரத்தடியில் அது நின்றது. ராஜப்பன் மூச்சு விட்டார்.

மறுபடி ஆரம்பித்தது. மரத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது.

முனிவேல் வாசலில் நுழைந்தான். அதே பூட்ஸ். எண்ணெய் போட்டுத் துடைத்துப் பத்திரமாக வைத்திருந்தது தெரிந்தது. கக்கத்தில் சுருட்டிய பத்திரிகை. கன்றுகளுக்கு நடுவே, ஒன்றையும் மிதிக்காமல், நிதானமாக நடந்து வந்து நாற்காலிக்கு முன்னால் நின்றான்.

எழுந்து நின்று 'ஏண்டா' என்று கேட்கத்தான் ராஜப்பன் நினைத்தார். 'டா' வரவில்லை. எழவும் முடியவில்லை.

"ஏரிக்கீழ நாளைக்கு ஏர் கட்டறேன்," என்றான் முனிவேல். "சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன், அண்ணா."

மங்கம்மா கதவருகே வந்து நின்றாள். கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள்.

"விட்டுடச் சொல்லி ஆள் விட்டேனே..." என்றார் ராஜப்பன், கன்றுகளைப் பார்த்தபடி.

"சொன்னாங்க. அண்ணன் தம்பிக்குள்ள ஆள் இன்னாத்துக்குன்னுதான் நானே வந்தேன்."

ராஜப்பன் கீழே பார்த்தார். அவன் வலது காலில் கயிறு அவிழ்ந்து கிடந்தது. முனிவேலும் அதைப் பார்த்தான். குனியவில்லை. அவரைக் குனியச் சொல்லவும் இல்லை. சும்மா நின்றான்.

"கட்டிக்க," என்றார் ராஜப்பன் கடைசியில். "ஏரை... ஏரைக் கட்டிக்க."

முனிவேல் தலையாட்டினான். ஆனால் போகவில்லை. தெருப் பக்கம் காதைத் திருப்பினான். ராஜப்பனுக்கும் அது கேட்டது. புளியமரத்தடியிலிருந்து ஒரு ஜோடி. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை. டயர்ச் செருப்பு, தோல் செருப்பு, வார் அறுந்து தைத்த செருப்பு, எல்லாம் மரத்தைத் தாண்டி, அவசரமில்லாமல், வாசலை நோக்கி வந்துகொண்டிருந்தன.

நாகரசம்பட்டியில் இத்தனை செருப்புகள் இருந்தது அவருக்குத் தெரியாது.